கோத்தகிரிப் பாட்டுக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: கேசட், நெட், ஓடிடி

கோத்தகிரி பஜாரில் 1989இலிருந்து பாட்டுக் கடை நடத்துகிறேன். கேசட் பதிவில் தொடங்கி, சிடி, மெமரி கார்டு எல்லாம் பார்த்துவிட்டு, இப்போது செல்போன் ரிப்பேரும், பாடுகிறவர்களின் பாட்டை நெட்டில் ஏற்றித் தருவதுமாகக் கடை ஓடுகிறது. ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) வரும் படுகப் பையன்கள், எஸ்டேட் லைனிலிருந்து வரும் கானா பாடும் பிள்ளைகள், குறும்படம் எடுத்து முடித்துவிட்டு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் கல்லூரி மாணவிகள், எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். கடையில் கூட்டம் இருந்தால் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேசட் காலத்தில் பாடினவர்களுக்குக் காசு கிடைத்ததா அண்ணா?

பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான். படுகப் பாட்டு கேசட் என்றால் கோயம்புத்தூரில் ஸ்டுடியோ எடுத்து, ஒரே நாளில் எட்டுப் பாட்டையும் பாடி முடித்து, கேசட் போடுகிறவர் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்து மேலே வந்துவிடுவார்கள். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. எத்தனை கேசட் விற்றது என்று பாடினவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் கேசட் அட்டையில் பெயர் இருந்தது. பாடியவர், எழுதியவர், இசை, சில சமயம் தபேலா வாசித்தவரின் பெயரும் அவருடைய ஹட்டியும்கூட. கல்யாண வீட்டுக்காரர்கள் அந்த அட்டையோடு என் கடைக்கு வந்து 'இந்த ஆள் எந்த ஊர், எப்படிப் பிடிக்கலாம்' என்று கேட்பார்கள், நானும் விலாசம் விசாரித்துச் சொல்லியிருக்கிறேன். கேசட் தராத வருமானத்தை அதில் இருந்த பெயர் தேடித் தந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நான் சொல்லப்போகும் பல விஷயங்கள் இதில்தான் வந்து நிற்கும்.

சினிமாப் பாட்டிலும் நாங்கள் யோக்கியமாக இருக்கவில்லை. லிஸ்ட் எழுதிக்கொண்டு வந்தால் டிடிகே 90இலோ மெல்ட்ராக்கிலோ பதிந்து கொடுப்போம். அந்தக் காசில் இசையமைத்தவருக்கோ பாட்டு எழுதினவருக்கோ ஒரு பைசா போகவில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் நடந்த தொழில் அது, அதில் நானும் சம்பாதித்தேன்.

எம்பி3 வந்தபோது உண்மையில் என்னதான் நடந்தது?

வெளிநாட்டில் 1999இல் நாப்ஸ்டர் வந்தது. ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை இன்னொருவர் நேராக எடுத்துக்கொள்ளலாம். வழக்குப் போட்டு 2001இல் மூட வைத்தார்கள், ஆனால் மக்களுக்கு இலவசம் பழகிவிட்டது. உலகம் முழுக்கப் பாட்டு விற்று வந்த வருமானம் 1999ஐ ஒட்டி உச்சத்தில் இருந்தது, அதற்கப்புறம் ஏறக்குறைய 15 வருஷம் இறங்கிக்கொண்டே போனது. 2003இல் ஆப்பிள் ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்க ஆரம்பித்தும் அந்தச் சரிவு நிற்கவில்லை. மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பழக்கம் வந்த பிறகுதான் ஏறியது. 2023இல் அந்த வருமானம் 2,860 கோடி டாலர், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது.

நம் மலையில் அது வேறு மாதிரி வந்தது. முதலில் ஒரே சிடியில் 150 பாட்டு. அப்புறம் மெமரி கார்டு. கார்டைக் கொடுத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் நான் நிரப்பிக் கொடுத்துவிடுவேன், சினிமாப் பாட்டும் படுகப் பாட்டும் கலந்து. கேசட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கினவர்கள் 'என்ன இருக்கோ போடுங்க' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் அந்தப் பெயர் போனது. கேசட்டை எம்பி3 ஆக்கும்போது அட்டையை யாரும் மாற்றவில்லை. 'ட்ராக் 01', 'படுகா சாங் 7' என்று ஃபைல் பெயர் இருக்கும், பாடகர் பெயர் வரவேண்டிய இடத்தில் எங்கிருந்தோ எடுத்த வெப்சைட்டின் பெயர் இருக்கும். நானும் அப்படித்தான் ஏற்றினேன். ஒவ்வொரு ஃபைலிலும் பெயர் அடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, செய்யவில்லை, அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அந்த ஃபைல்கள்தான் பின்னால் யூடியூபுக்குப் போயின, பெயர் இல்லாமலே.

ஸ்பாட்டிஃபையில் ஒரு தடவை கேட்டால் எத்தனை பைசா?

நிலையான விலை கிடையாது. ஒரு நாட்டில் சந்தாவிலும் விளம்பரத்திலும் வந்த பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமைக்காரர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். அந்த மாதம் கேட்கப்பட்ட மொத்தப் பாட்டுகளில் உங்கள் பாட்டு எத்தனை பங்கோ, அத்தனை பங்கு பணம். பசுந்தேயிலைக்கு விலை போடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன், நீங்கள் எத்தனை கிலோ போட்டீர்கள் என்பது மட்டும் போதாது, அந்த மாதம் விலை என்ன என்பதும் உங்கள் கையில் இல்லை. இந்தியாவில் சந்தா குறைவு, இலவசமாகக் கேட்கிறவர்கள் அதிகம், அதனால் இங்கே ஒருவர் கேட்பதற்கு வருவதைவிட அமெரிக்காவில் இருக்கும் நம் ஆள் ஒருவர் கேட்டால் அதிகம் வரும்.

2024இலிருந்து இன்னொரு விதி: கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைக்கான பணமே கிடையாது. 2011 கணக்கெடுப்பில் படுக மொழி பேசுகிறவர்கள் சுமார் 1.33 லட்சம் பேர். அத்தனை சிறிய மொழியில் பாடுகிறவருக்கு, பத்துப் பாட்டு போட்டால் இரண்டு மூன்றுதான் அந்தக் கோட்டைத் தாண்டும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. சின்ன மொழிக்காரர்களின் சின்னத் தொகைகள் சேர்ந்து பெரிய பாட்டுகளின் பக்கம் போகின்றன.

தனி ஆள் ஸ்பாட்டிஃபையில் நேராக ஏற்ற முடியாது, நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். சிலர் வருஷக் கட்டணம் வாங்குவார்கள், சிலர் வருமானத்தில் சதவீதம் எடுப்பார்கள். வருஷக் கட்டணம் என்றால், கட்டாமல் விட்டால் பாட்டு இறங்கிவிடுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

முதலில் எதில் போடலாம், யூடியூபிலா மற்றதிலா?

யூடியூபில். நம் சனம் பாட்டு கேட்பது அங்கேதான். விளம்பரப் பணத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும் (ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வை). நீளமான வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. முதல் வருஷம் பணத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அப்பா பாடின பாட்டு யாரோ ஒருவர் சேனலில் லட்சக்கணக்கில் ஓடுகிறது, அப்பா பெயரே இல்லை. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியோடு போன வருஷம் ஒருவர் வந்தார். அவர் அப்பா 90களில் இரண்டு கேசட் பாடியவர், எனக்கு நன்றாகத் தெரியும், பேரகணியில் படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழா நடக்கும் நாட்களில் கோத்தகிரி முழுக்க அவர் குரல்தான் கேட்கும். அந்தப் பாட்டுக்கு யாரோ பூக்கள் படம் போட்டு, 'படுகா ஓல்ட் ஹிட்ஸ்' என்று தலைப்பு வைத்து ஏற்றியிருந்தார்கள். கீழே கமெண்டில் பத்துப் பதினைந்து பேர் 'யார் பாடினது' என்று கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. மகன் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார். பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

நாங்கள் செய்தது இது. முதலில் அந்தச் சேனல்காரருக்கு மரியாதையாக எழுதினோம், கேசட் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பி, பாடியவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் போடச் சொன்னோம். நான்காம் நாள் போட்டுவிட்டார். அவரும் ஏதோ மெமரி கார்டிலிருந்து எடுத்தவர்தான், ஒருவேளை என் கடையில் ஏற்றின கார்டாகவே இருக்கலாம்.

கேட்டும் போடாதவர்கள் இருக்கிறார்கள். அதற்கு யூடியூபிலேயே காப்பிரைட் புகார் படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. உடனே நீக்கச் சொல்லலாம், அல்லது ஏழு நாள் அவகாசம் கொடுத்து நீக்கச் சொல்லலாம். நான் எப்போதும் ஏழு நாளைத்தான் சொல்வேன், ஏனென்றால் பெயரைச் சேர்த்துப் பாட்டை அங்கேயே வைத்திருப்பதுதான் பாட்டுக்கு நல்லது. ஆனால் ஒன்று, உரிமை உங்களிடம் இருந்தால்தான் புகார் கொடுக்கலாம். அந்தக் காலத்தில் கேசட் போட்டவர் காசு போட்டுப் பதிவு செய்திருந்தால் பதிவின் உரிமை அவருடையதாக இருக்கலாம், பாடினவருக்கு இருப்பது பாடகர் உரிமை. அதனால் கேசட் போட்டவர் உயிரோடு இருந்தால் அவரையும் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.

ஒரு பாட்டில் யாருக்கு என்ன உரிமை? குழப்பமாக இருக்கிறதே.

ஒரு பாட்டுக்குள் மூன்று நான்கு உரிமைகள் இருக்கின்றன. வரிகள் எழுதினவருடையது, மெட்டுப் போட்டவருடையது, பதிவுக்குப் பணம் போட்டவருடையது, பாடினவருடையது. எழுத்துக்கும் மெட்டுக்கும் அவர்கள் இறந்து 60 வருஷம் வரை. பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 வருஷம். பாடகர் உரிமை 50 வருஷம். தலைமுறை தலைமுறையாக ஹட்டியில் பாடுகிற மெட்டு என்றால் மெட்டுக்குத் தனி உரிமைக்காரர் இல்லை, ஆனால் நீங்கள் பாடிப் பதிந்த அந்தப் பதிவுக்கு உண்டு.

2012இல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்னால் சினிமாவில் பாட்டு எழுதினவரும் இசையமைத்தவரும் தயாரிப்பாளரிடம் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. திருத்தத்துக்குப் பிறகு, படமாகத் தியேட்டரில் ஓடுவதைத் தவிர மற்ற இடங்களில் பாட்டு பயன்பட்டால் வரும் ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு உண்டு, அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கோ காப்பிரைட் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். எழுதுகிறவர்களும் இசையமைக்கிறவர்களும் ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராகலாம், பாடகர்களுக்கு, முன்பு இஸ்ரா என்று இருந்து இப்போது இசாம்ரா என்ற பெயரில் ஒரு சங்கம் தனியாக இருக்கிறது. 'அதெல்லாம் சென்னைக்காரங்களுக்கு' என்று விட்டுவிடாதீர்கள். பணத்தைப் பிரிக்கும்போது பதிவில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் போகும், அந்த இடம் காலியாக இருந்தால் உங்களைத் தேடிக்கொண்டு யாரும் மலை ஏறி வரமாட்டார்கள்.

ஏற்றும்போது ஐஎஸ்ஆர்சி என்று 12 இலக்கம், எழுத்து கலந்த எண் ஒன்று வரும், அது பதிவின் அடையாள எண். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்தப் பாட்டுக்கே காப்பிரைட் கிளெய்ம் வந்துவிட்டதே?

நெட்டில் எடுத்த ரெடிமேட் பீட் போட்டிருப்பீர்கள், அதை வேறு யாரோ தங்கள் பாட்டிலும் போட்டு முந்திப் பதிந்திருப்பார்கள். மெஷின் சத்தத்தைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. மறுப்புக் கொடுங்கள். அடுத்த தடவை நம் ஊரில் வாசிக்கிறவரைக் கூப்பிட்டு வாசிக்க வையுங்கள், பாட்டும் நன்றாக இருக்கும்.

பழைய பாட்டுகள் திடீரென்று மறுபடி ஓடுகின்றனவே, அது எப்படி?

அடுத்த மலையில் நடந்ததைச் சொல்கிறேன். கொடைக்கானலில் டெவில்ஸ் கிச்சன் என்று ஒரு குகை இருந்தது. 1991இல் கமல்ஹாசன் நடித்த 'குணா' அங்கே எடுக்கப்பட்ட பிறகு அதற்குப் பெயரே குணா குகை ஆகிவிட்டது. 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் அதே குகையில் விழுந்த ஒரு பையனின் கதையோடு வந்தது, இளையராஜா இசையில் வாலி எழுதிய அந்தக் 'கண்மணி அன்போடு' அதில் வந்ததும் 33 வயதுப் பாட்டு ரீல்ஸ் முழுக்க ஓடியது. டப்பிங்கூட இல்லாமல் மலையாளத்திலேயே தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நிறைந்தன. குகைக்குக் கூட்டம் குவிந்தது. மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து படக்குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது, அனுமதி யாரிடம் வாங்கவேண்டும் என்ற சண்டை. படம் எடுத்தவர்கள் உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளிடம் வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். சரி தவறு கோர்ட் சமாசாரம். நமக்கு இதில் உள்ள விஷயம், 1991இல் போட்ட எழுத்து ஒப்பந்தத்துக்கு 2024இல் வேலை வந்தது. கேசட்டுக்காக எழுதின ஒப்பந்தத்தில் செல்போன் என்ற சொல்லே இருந்திருக்காது.

படம் தியேட்டருக்கு வருவதில் என்ன மாறியது?

முன்பு பெட்டி வரும். ஃபிலிம் சுருள் வைத்த தகரப் பெட்டி, கீழே எல்லா ஊரிலும் ஓடி முடித்த பிறகு, கோடு விழுந்து, ஒட்டுப்போட்டு நமக்கு வரும். மழைக்காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தால் பெட்டி வராது, அன்றைக்குப் பழைய படம்தான். 2010களின் நடுவில் சுருள் மறைந்தது. இப்போது ஹார்ட் டிஸ்கிலோ சாட்டிலைட்டிலோ படம் வரும், பூட்டுப் போட்டு. அந்தத் தியேட்டருக்கு, அந்தத் தேதிக்கு மட்டும் திறக்கும் சாவியைத் தனியாக அனுப்புவார்கள். அதனால் சென்னையில் ரிலீஸ் ஆகும் அதே காலையில் மலையிலும் ரிலீஸ் ஆக முடிகிறது. எனக்கு இது பெரிய சந்தோஷம்.

அதே மாற்றத்தின் இன்னொரு முகம் ஊட்டி இந்து நகரில் இருக்கிறது. இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு ஆலை, 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் எக்ஸ்ரே சுருளும் போட்டோ பேப்பரும் செய்தார்கள். இங்கே வீட்டுக்கு வீடு அதில் வேலை பார்த்தவர் ஒருவராவது இருப்பார். முழுப் பழியையும் டிஜிட்டல் மேல் போட முடியாது, 90களிலேயே இறக்குமதிப் போட்டியிலும் கடனிலும் மாட்டி நலிந்த நிறுவனம் ஆகிவிட்டது. ஆனால் சுருளே வேண்டாம் என்று உலகம் சொன்ன பிறகு மீண்டு வர வழியும் இல்லாமல் போனது.

ஓடிடியில் நேராக வெளியிடுவது தியேட்டருக்குத் துரோகம் என்கிறார்களே?

2020 மே 29இல், லாக்டவுன் நடுவில், ஊட்டியில் நடக்கும் கதையான 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்குப் போகாமல் அமேசான் பிரைமில் வந்தது. பெரிய நடிகர் நடித்த தமிழ்ப் படத்தில் அதுதான் முதல். தியேட்டர் உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே வருஷம் நவம்பரில் 'சூரரைப் போற்று'வும் அப்படியே வந்தது. இப்போது தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் தியேட்டரில் வந்து நான்கு வாரம் கழித்து ஓடிடி என்று பழக்கமாகியிருக்கிறது. வட இந்திய மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன, அதனால்தான் 2023இல் 'லியோ' இந்தியில் அந்தத் திரைகளில் ஓடவில்லை.

என் கருத்து, நான்கு வாரம் சின்னப் படத்துக்குப் போதாது. 'எப்படியும் அடுத்த மாசம் போன்ல வந்துரும்' என்று நம் ஆட்கள் காத்திருக்கிறார்கள். பெரிய படத்துக்கு முதல் மூன்று நாளில் பணம் வந்துவிடும், வாய்வழியாக மெல்லப் பரவ வேண்டிய படம்தான் அடிபடுகிறது.

நாங்கள் மலையில் எடுத்த படத்தை ஓடிடி வாங்குமா?

நேராக வாங்குவது அரிது. தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' நெட்ஃப்ளிக்ஸில் வந்து 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். அதை இயக்கிய கார்த்திகி கொன்சால்வஸ் ஊட்டிக்காரர்தான், எனக்கும் பெருமைதான். ஆனால் சுமார் 40 நிமிஷப் படத்துக்காக அவர் அந்த யானைக் குட்டியைப் பல வருஷம் பின்தொடர்ந்தார். உங்கள் படத்தை முதலில் விழாக்களுக்கு அனுப்புங்கள், அதுவரை யூடியூபில் போடாதீர்கள், பல விழாக்கள் ஏற்கனவே நெட்டில் வந்ததை எடுப்பதில்லை. படத்தில் வருகிறவர்களிடம், அவர்களுக்குப் புரிகிற மொழியில் படித்துக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காட்டு கிராமங்களில் எடுத்தால் இன்னும் கவனமாக.

டெலிகிராமில் வந்த படத்தைப் பார்த்தால் என்ன ஆகிவிடும்?

பார்த்தவரைப் பிடிப்பது அரிது. தியேட்டரில் செல்போனில் படம் பிடித்தால் 2023 திருத்தச் சட்டப்படி 3 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், 3 லட்சத்திலிருந்து தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2004இலிருந்து வீடியோ திருடர்கள்மேல் குண்டர் சட்டமே பாயும். சட்டத்தை விடுங்கள். கார்டு நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எடுத்தவர் யார் என்று முகம் தெரியாதவரை நமக்கு உறைக்காது. உங்கள் வகுப்புப் பெண் எடுத்த படம் அப்படி வந்தால் ஃபார்வர்டு செய்வீர்களா?

ஏஐயில் தாத்தா குரலில் புதுப் பாட்டு பண்ணலாமா?

2024இல் 'லால் சலாம்' படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துச் செய்தார். உங்கள் தாத்தா என்றாலும் வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள், ஏஐ குரல் என்று பாட்டின் கீழே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் பத்து வருஷம் கழித்து அவர் பாடினது எது, பாடாதது எது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் பழைய படுகப் பாட்டு கேசட்டுகள் இருக்கின்றன. கொண்டு வரலாமா?

கொண்டு வாருங்கள், சீக்கிரம். நம் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும், வெள்ளையாகப் பொடி மாதிரி தெரியும். அதை டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும், அந்த டெக்கில் அப்புறம் போடுகிற கேசட்டுக்கும் பூஞ்சை ஏறும். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் இல்லாமல், அப்படியே எடுத்து வாருங்கள்.

அட்டையோடு கொண்டு வாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அட்டையே இல்லையென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள், குரலைக் கேட்டு யார், எந்த ஹட்டி என்று சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது.